டிராக் டேக்கு ஆள் சேரவில்லை; கோப்பை வைத்தால் வருவார்களா?

ஒரு கார் கிளப்பின் செயலாளர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே வரக்கூடாது என்று கேட்டிருக்கிறார். ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களை நானும் எடுத்துவிட்டேன். நான்கு பக்கக் கடிதத்தின் சாரம் இதுதான்.

ஒரே கம்பெனியின் கார்களை வைத்திருப்பவர்கள் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய கிளப். உறுப்பினர்கள் சுமார் 200 பேர். ஆண்டுக்கு நான்கு முறை ஒரு ரேஸ் டிராக்கை நாள் வாடகைக்கு எடுத்து, உறுப்பினர்கள் தங்கள் சொந்தக் காரை அங்கே கொண்டுவந்து ஓட்டிப் பார்க்க ஏற்பாடு செய்கிறார்கள். ஆரம்பத்தில் 40 கார் வரை வந்திருக்கிறது. சென்ற முறை வந்தது 16. வாடகை, ஆம்புலன்ஸ், மார்ஷல்கள் (டிராக்கோரம் நின்று கொடி காட்டிப் பாதுகாப்பைக் கவனிப்பவர்கள்) எல்லாம் சேர்த்தால் 24 கார் வந்தால்தான் கட்டுப்படியாகும். கடைசி மூன்று முறையும் கையைக் கடித்திருக்கிறது. கமிட்டியில் ஆளுக்கு ஒரு யோசனை: கட்டணத்தைக் கால் பங்கு குறைக்கலாம், அதிவேக லேப்புக்கு, அதாவது டிராக்கை ஒரு முறை முழுதாகச் சுற்றி வருவதற்கு, கோப்பை வைக்கலாம், செலவைக் குறைக்க இன்ஸ்ட்ரக்டர்களை நிறுத்திவிடலாம், நண்பர்களைப் பக்கத்து சீட்டில் ஏற்றிச் சுற்றவிட்டால் கூட்டம் சேரும், வந்தாலும் வராவிட்டாலும் எல்லா உறுப்பினர்களிடமும் ஒரு தொகை வசூலித்துவிடலாம். இதில் எதைச் செய்யலாம் என்பது அவருடைய கேள்வி. கூடவே, “எது நடந்தாலும் கிளப் பொறுப்பல்ல என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். அவரவர் காருக்கு இன்சூரன்ஸும் இருக்கிறது. ஆகவே சட்டப்படி சிக்கல் எதுவும் இல்லை” என்றும் எழுதியிருக்கிறார்.

இவை போக, போகிறபோக்கில் இரண்டு செய்திகள் சொல்லியிருக்கிறார். ஒன்று, டிராக் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பது அவர்தான். இன்னொன்று, சென்ற ஆண்டு முதல்முறையாக வந்த ஒருவர் வளைவில் ஸ்பின் ஆகி மணலில் போய் நின்ற வீடியோவை கிளப் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, “இரண்டு நாள் சிரித்தோம்” என்கிறார்.

அன்புள்ள செயலாளருக்கு,

சங்கங்கள், கிளப்புகள், அவற்றை ஆர்வத்தோடு நடத்தப்போய் மாட்டிக்கொண்டவர்கள், இவர்களுக்குத்தான் வழக்கறிஞனாக நான் பெரும்பாலும் ஆலோசனை சொல்கிறேன். டிராக்கில் ஓட்டவும் செய்வேன், சுமாராக. அதனால் சட்டத்தோடு கொஞ்சம் டயர் வாசனையும் கலந்துதான் இந்தப் பதில் வரும்.

“உறுப்பினர்களுக்கு ஆர்வம் போய்விட்டது” என்று கடிதத்தில் மூன்று இடத்தில் சொல்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதே கடிதத்தில், விடிகாலை டிரைவ் என்று கூப்பிட்டால் 70 கார் வருகிறது என்கிறீர்கள். காரின் மேல் ஆர்வம் போனவர் இருட்டில் எழுந்து வரமாட்டார். டிராக்குக்கு மட்டும் ஏன் வருவதில்லை என்பதுதான் விஷயம். “வழக்கமாக வருகிறவர்கள் எப்படியும் வந்துவிடுகிறார்கள்” என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஓட்டை எங்கே என்று தெரிகிறது. புதிதாக வருகிறவர் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு மறுபடி வருவதில்லை. பழைய வருகைப் பதிவேடுகளை எடுத்துவைத்துக்கொண்டு, ஒரே ஒரு தடவை மட்டும் வந்தவர்களின் பெயர்களைத் தனியாக எழுதுங்கள். அந்தப் பட்டியலின் நீளத்தைப் பார்த்துவிட்டு கமிட்டியைக் கூட்டுங்கள்.

அப்புறம் அந்த வீடியோ. ஸ்பின் ஆனவரோடு வந்த இரண்டு நண்பர்களும் அதன்பிறகு வரவில்லை என்று அடுத்த வரியிலேயே நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வரிகளையும் சேர்த்துப் படித்தீர்களா என்று தெரியவில்லை. அந்தக் குழுவில் 200 பேர் இருக்கிறார்கள். சிரித்தவர்கள் பத்துப் பேர் இருக்கலாம். மற்றவர்களில் எத்தனை பேர், “நாளைக்கு நாம் போனால் நம் கதியும் இதுதான்” என்று போனைக் கீழே வைத்திருப்பார்கள்?

கட்டணக் குறைப்பு

இது வெறும் கணக்கு. இப்போதைய கட்டணத்தில் 24 கார் வந்தால் கட்டுப்படியாகும் என்றால், கால் பங்கு குறைத்த பிறகு 32 கார் வேண்டும். இப்போது வருவது 16. அதாவது வருகிறவர்களின் எண்ணிக்கை சரியாக இரட்டிப்பானால், நஷ்டம் இல்லாமல் நிற்பீர்கள். அவ்வளவுதான். டிராக் டேக்கு வருகிறவருக்கு உங்கள் கட்டணம் செலவில் ஒரு பங்குதான். டயர், பிரேக் பேட், பெட்ரோல், ஒரு நாள் விடுப்பு எல்லாம் அவர் கணக்கில் இருக்கிறது. உங்கள் பங்கைக் கொஞ்சம் குறைத்தால் அவர் மனம் மாறிவிடாது.

பணத்தில் தயக்கம் இருப்பது உண்மையானால், அது தொகையைப் பற்றியதாக இருக்காது, திரும்பக் கிடைக்குமா என்பதைப் பற்றியதாக இருக்கும். மழை வந்தால்? அன்று காலை கார் மக்கர் செய்தால்? உங்கள் அறிவிப்பில் இதற்கு ஒரு வரி கூட இல்லை. இன்ன தேதிக்குள் சொன்னால் முழுப்பணம் திரும்பும், அதன்பிறகு இடத்தை வேறொரு உறுப்பினருக்கு மாற்றிக்கொடுக்கலாம், கிளப்பே நிறுத்தினால் முழுப்பணமும் கிடைக்கும் என்று எழுத்தில் போடுங்கள். கடைசி நாள் வரை இழுத்தடிப்பவர்கள் முன்னதாகவே பணம் கட்டுவார்கள். டிராக்குக்கு முன்பணம் கட்டும் முன்பே எத்தனை பேர் வருவார்கள் என்று உங்களுக்கும் தெரிந்துவிடும்.

கோப்பை வேண்டவே வேண்டாம்

இந்த யோசனையைச் சொன்ன கமிட்டி நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் உங்கள் கிளப்புக்கு வந்த யோசனைகளில் ஆபத்தானது இதுதான்.

டிராக் டே என்பது பந்தயம் இல்லை. ஓட்டிப் பழகும் நாள். அந்த வித்தியாசத்தின் மேல்தான் எல்லாமே நிற்கிறது: டிராக்கோடு போட்ட ஒப்பந்தம், உங்கள் பொறுப்புக் காப்பீடு, உறுப்பினர்கள் கையெழுத்திட்ட படிவம். ஸ்டாப்வாட்சை எடுத்து, முதல் இடத்துக்குக் கோப்பை என்று அறிவித்த நிமிடத்தில் அது போட்டியாகிவிடுகிறது. போட்டி நடத்துவதென்றால் மோட்டார் விளையாட்டை நிர்வகிக்கும் தேசிய அமைப்பின் அனுமதி, போட்டிக்கான விதிகள், அதற்கேற்ற காப்பீடு எல்லாம் தேவைப்படலாம். காப்பீட்டுப் பத்திரத்தின் விலக்குப் பகுதியை எடுத்துப் படியுங்கள். பந்தயம், வேகச் சோதனை, நேரம் கணக்கிடும் நிகழ்ச்சி என்ற வார்த்தைகள் அங்கே பெரும்பாலும் உட்கார்ந்திருக்கும்.

கோப்பை இருந்தால்தான் கூட்டம் வரும் என்பதும் சரியில்லை. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கைப் பாருங்கள். 1927-ல் திறந்த அதன் வடக்குச் சுற்று 20.8 கிலோமீட்டர். சாதாரணக் காரை வைத்துக்கொண்டு உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் போய் வரிசையில் நிற்கிறார்கள். பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நேரங்களில் அது சட்டப்படி கட்டணம் வசூலிக்கும் ஒருவழிச் சாலை. சாலை விதிகள் பொருந்தும், பந்தயம் ஓட்டவும் நேரம் எடுக்கவும் தடை. பரிசு கிடையாது, பட்டியல் கிடையாது. வரிசை மட்டும் குறைவதில்லை.

கோப்பை யாரை வரவழைக்கும் என்பதையும் யோசியுங்கள். ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் 16 பேரில் வேகமான நான்கு பேர் இன்னும் வேகமாக ஓட்டுவார்கள். வரத் தயங்கும் அந்த 184 பேரில் ஒருவர்கூட, “நான் ஜெயித்துவிடுவேன்” என்று கிளம்பமாட்டார். சிலர் போனில் தாங்களாகவே நேரம் எடுப்பார்கள். அதைத் தடுக்க உங்களால் முடியாது. ஆனால் கிளப் அதைச் சேகரிக்கவோ, பட்டியல் போடவோ, பாராட்டவோ கூடாது.

படிவத்தில் கையெழுத்து இருக்கிறதே?

“கையெழுத்து வாங்கிவிட்டோம்” என்பதை ஒரு கேடயம் போல எல்லா கிளப்புகளும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. படிவம் வேண்டும்தான். அதை நிறுத்தச் சொல்லவில்லை. டிராக்கில் ஓட்டுவது இயல்பிலேயே ஆபத்தானது, அது தெரிந்துதான் ஒருவர் வந்தார் என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் நடத்துகிறவரின் அலட்சியத்தை அது மூடி மறைக்குமா என்பது வேறு கேள்வி. நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். இங்கிலாந்தில் சட்டம், தொழில்முறையாக நடத்துகிறவர் தன் கவனக்குறைவால் நேரும் மரணத்துக்கோ உடல் காயத்துக்கோ பொறுப்பில்லை என்று எழுதி வாங்குவதைச் செல்லாது என்கிறது. கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் 2007-ல், படுமோசமான அலட்சியத்தை இப்படிப்பட்ட படிவம் காப்பாற்றாது என்று தீர்ப்புச் சொன்னது. அது ஒரு கோடைக்கால முகாம் தொடர்பான வழக்கு. கார் சம்பந்தப்பட்டதே இல்லை.

கார் சம்பந்தப்பட்டதும் ஒன்று உண்டு. 2005-ல் அதே கலிபோர்னியாவின் ஃபான்டானாவில் ஒரு கார் உரிமையாளர் கிளப் நடத்திய டிராக் டே. பிட்டிலிருந்து, அதாவது டிராக்கை ஒட்டி கார்கள் நின்று கிளம்பும் இடத்திலிருந்து, ஒரு கார் மெதுவாக டிராக்கில் நுழைகிறது. நேர்ப்பாதையில் முழு வேகத்தில் வந்த இன்னொரு கார் அதைத் தவிர்க்கப்போய் நிலைதடுமாறிச் சுவரில் மோதுகிறது. ஓட்டியவரும் பக்கத்தில் இருந்தவரும் இறந்துபோனார்கள். பக்கத்தில் இருந்தவரும் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். அப்படியிருந்தும் அவருடைய மனைவி வழக்குப் போட்டார். இறந்த ஓட்டுநரின் சொத்து, கார் கம்பெனி, டிராக், நடத்திய கிளப் என்று எல்லோர் மீதும் வழக்கு. ஏறத்தாழ 45 லட்சம் டாலருக்குச் சமரசத்தில் முடிந்தது.

பிட்டிலிருந்து காரை வெளியே விடும் இடத்தில் யார் நிற்கிறார், அவருக்கு நேர்ப்பாதை முழுவதும் தெரிகிறதா, அவர் கையில் இருப்பது ரேடியோவா செல்போனா என்று பாருங்கள். “அங்கே ஒரு உறுப்பினரின் தம்பி நிற்பான், நல்ல பையன்” என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல பையனாக இருக்கட்டும். அந்த இடத்துக்குப் பயிற்சி பெற்ற மார்ஷல் வேண்டும்.

பக்கத்து சீட்டில் நண்பர்களை ஏற்றும் யோசனைக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஓட்டுகிறவர் தன் முடிவுக்குத் தானே பொறுப்பு என்றாவது வாதாடலாம். சும்மா உட்கார்ந்து வந்தவரிடம் அப்படி என்ன சொல்வது? பயணிகளை அனுமதித்தே ஆகவேண்டும் என்றால், நன்றாக ஓட்டுவார் என்று கிளப் எழுத்தில் தேர்ந்தெடுத்த இரண்டு மூன்று பேர் மட்டும், தனி செஷனில், காப்பீட்டு நிறுவனம் சரி என்று எழுதிக்கொடுத்த பிறகு. பயணிக்கும் ஹெல்மெட், பயணிக்கும் படிவம். மைனர்கள் வேண்டாம்.

உறுப்பினர்களின் கார் இன்சூரன்ஸ் பற்றிய நம்பிக்கையையும் திருத்தியாக வேண்டும். சாதாரண சாலைக் காப்பீடு பெரும்பாலும் டிராக்கில் செல்லாது. சில பத்திரங்கள் பந்தயத்தை மட்டும் விலக்கும், சில டிராக் என்ற இடத்தையே விலக்கும். அவரவர் பத்திரத்தை அவரவர் படிக்க வேண்டும். இதைச் சொன்னால் வருகிறவர்களும் ஓடிவிடுவார்கள் என்று நீங்கள் பயப்படுவது புரிகிறது. சொல்லாமல் விட்டு, தடுப்பில் மோதிய பிறகு ஒருவருக்குத் தெரியவந்தால் அவர் மட்டும் போகமாட்டார், தெரிந்தவர்களையும் அழைத்துக்கொண்டு போவார். ஒரு நாளுக்கு மட்டும் எடுக்கும் டிராக் காப்பீடு உங்கள் பகுதியில் கிடைக்குமானால், அதன் விவரத்தைப் பதிவுப் படிவத்தோடு சேர்த்தே கொடுங்கள். கிடைக்காவிட்டால் அதையும் சொல்லுங்கள். தன் காரை எவ்வளவு வேகத்தில் ஓட்டலாம் என்று அவரே முடிவு செய்துகொள்வார்.

அந்தக் கையெழுத்து உங்களுடையது

டிராக் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது நீங்கள்தான் என்கிறீர்கள். கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி அதுதான். உங்கள் கிளப் பதிவு செய்யப்படாதது என்கிறீர்கள். அப்படியென்றால் பல நாடுகளின் சட்டத்தில் அதற்குத் தனி உருவமே கிடையாது. ஒப்பந்தம் போடவோ, வழக்கில் நிற்கவோ அதனால் முடியாது. கையெழுத்துப் போட்டவர்தான் நிற்க வேண்டும். வாடகை பாக்கியென்றால் உங்களிடம் கேட்பார்கள். யாரோ ஒருவர் தடுப்புக் கம்பியை இடித்துவிட்டாலோ, டிராக்கில் ஆயிலைக் கொட்டிவிட்டாலோ, சரிசெய்யும் செலவை வாடகைக்கு எடுத்தவரிடம் வசூலிக்கும் விதி இத்தகைய ஒப்பந்தங்களில் சகஜம். உங்கள் ஒப்பந்தத்தில் அது இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால், ஊர் கூடி ஓட்டிய நாளின் கணக்கு உங்கள் ஒருவர் தலையில் விடியும்.

செய்யவேண்டியது பெரிய காரியம் இல்லை. கிளப்பைச் சங்கமாகவோ லாபநோக்கற்ற நிறுவனமாகவோ பதிவு செய்யுங்கள். ஒப்பந்தம் அதன் பெயரில் இருக்கட்டும். நீங்கள் அதன் சார்பில் கையெழுத்துப் போடுங்கள். நிகழ்ச்சிப் பொறுப்புக் காப்பீட்டில் கிளப்பின் பெயரும் கமிட்டி உறுப்பினர்களும் இருக்க வேண்டும். டிராக் நிறுவனத்தின் காப்பீடு உங்களுக்கும் சேர்த்துத்தான் என்று யாராவது வாயால் சொன்னால், எழுதித்தரச் சொல்லுங்கள். சேதத்துக்கு யார் பொறுப்பு என்பதைப் பதிவுப் படிவத்திலேயே ஓட்டுகிறவர் ஒப்புக்கொள்ள வேண்டும். இதெல்லாம் முடியும் வரை அடுத்த டிராக் டேக்குத் தேதி குறிக்காதீர்கள். ஒரு தேதி தள்ளிப்போவதால் கிளப் மூழ்கிவிடாது.

எல்லா உறுப்பினர்களிடமும் கட்டாய வசூல் என்ற யோசனையும் இங்கேதான் அடிபடுகிறது. கமிட்டி உட்கார்ந்து தீர்மானம் போட்டு அப்படி வசூலிக்க முடியாது. பெரும்பாலான கிளப்புகளின் விதிகளில் சந்தாவை மாற்ற பொதுக்குழுவின் ஒப்புதல் வேண்டும். நீங்கள் அனுப்பிய விதிகளின் நகலிலும் அப்படித்தான் இருக்கிறது. ஒப்புதலே கிடைத்தாலும், டிராக் பக்கமே வராதவர் அடுத்த ஆண்டு சந்தாவைப் புதுப்பிப்பாரா? விடிகாலை டிரைவுக்கு வரும் 70 கார்களையும் சேர்த்து இழக்க வேண்டிவரும். அதைவிட இன்னொரு கிளப்போடு சேர்ந்து ஒரே நாளைப் பகிர்ந்துகொள்வது எவ்வளவோ மேல். வாடகை பாதியாகும். அப்படிச் செய்யும்போது நடத்துகிறவர் யார், யாருடைய காப்பீடு, யாருடைய விதிகள் என்பது ஒரு தாளில் இருக்கட்டும். “நாம ரெண்டு பேரும் சேர்ந்துதானே நடத்துறோம்” என்பது விபத்துக்கு முதல் நாள் வரைதான் செல்லும்.

முதல்முறை வருகிறவரின் நாள்

ஆள் சேர்க்கும் வழி இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இதில் சட்டம் குறைவு, அனுபவம்தான் அதிகம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் முதல்முறை போனது வேறொரு கிளப்பின் நாளில். காரைச் சர்வீஸ் செய்து, துடைத்து, பெருமையோடு போனேன். முதல் இரண்டு லேப் சொர்க்கம். நான்காவது லேப்பில் நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் பிரேக்கை மிதித்தால் பெடல் பஞ்சுபோல் உள்ளே போகிறது. இரண்டாவது தடவை ஓங்கி மிதித்த பிறகுதான் கொஞ்சம் பிடித்தது. எப்படியோ வளைவுக்கு வெளியே புல்லில் ஏறி நின்றேன். கால் நடுங்கியது நிற்கப் பத்து நிமிடம் ஆனது. பிட்டுக்கு வந்ததும் ஒருவர் சாதாரணமாகச் சொன்னார்: “பிரேக் ஆயில் பழசு.” இதை முந்தின வாரம் யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 டிகிரி வரை இறங்கலாம். சாலையில் அந்தச் சூடு வராது, அதனால் தெரியாது. டிராக்கில் லேப்புக்கு லேப் அழுத்தி மிதிக்கும்போது ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டாகிறது. குமிழி அமுங்கும், பெடல் உள்ளே போகும். ஒரு டப்பா புது ஆயிலும் அரைமணி நேர வேலையும் போதும். அது தெரியாமல் வந்து பயந்தவர் திரும்பி வரவே மாட்டார். அவரைப் பொறுத்தவரை டிராக் டே என்றால் பிரேக் பிடிக்காமல் போவது.

ஆகவே பதிவு செய்த ஒவ்வொரு புதியவரையும் ஒரு பழைய உறுப்பினர் இரண்டு வாரம் முன்பே போனில் கூப்பிட்டுப் பேச வேண்டும். ஆயில் எப்போது மாற்றினீர்கள், பேட் எவ்வளவு மிச்சம், டயரின் வயது என்ன, வீல் நட்டுகளைச் சரியான முறுக்குவிசையில் இறுக்கினீர்களா. ஹெல்மெட் இல்லாதவருக்கு கிளப் நான்கைந்து வாங்கி வைத்திருந்து கொடுக்கலாம். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் போதுமா என்று கேட்பார்கள். ஹெல்மெட்டுகளைச் சோதித்துச் சான்று தரும் ஸ்னெல் அமைப்பின் தரத்தில் ‘எம்’ என்பது பைக்குக்கு, ‘எஸ்ஏ’ என்பது காருக்கு. எஸ்ஏவின் உள்துணி தீயைத் தாங்கும்படி சோதிக்கப்பட்டது. டிராக் எதைக் கேட்கிறது என்று பார்த்து அதை வாங்குங்கள். செஷன் முடிந்து சூடாக வந்து நிற்கும்போது ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், கியரில் விட்டு சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள் என்று அன்று காலை யாராவது சொல்ல வேண்டும். இதெல்லாம் பழையவர்களுக்கு மூச்சுவிடுவது போல. புதியவருக்கு ஒவ்வொன்றும் அவமானப்பட ஒரு வாய்ப்பு.

அடுத்தது, எல்லோரையும் ஒரே நேரத்தில் டிராக்கில் விடுவதை நிறுத்துங்கள். 16 கார்தானே, பிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். புதியவரின் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்பதே நினைவில்லை. கண்ணாடியில் ஒரு கார் வந்து ஒட்டிக்கொண்டு நிற்கிறது. வழிவிட வேண்டுமா, எங்கே, எப்படி என்று தெரியவில்லை. பார்வை முழுக்கப் பின்னால் போய்விடுகிறது. உங்கள் வீடியோவை எனக்கும் அனுப்பியிருந்தீர்கள். அதில் ஸ்பின்னுக்கு மூன்று நொடி முன்பு அவர் காரின் பின்னால் எவ்வளவு நெருக்கமாக இன்னொரு கார் இருக்கிறது என்று பார்த்தீர்களா? அது யாருடைய கார் என்று நான் கேட்கப்போவதில்லை. நாளைக்கு ஒரு வழக்கு வந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பார். இப்படி நடக்கிறது என்று கிளப்புக்கு முன்பே தெரியும் என்பதற்கு நீங்களே சான்று தயாரித்து வைத்திருக்கிறீர்கள்.

இரண்டு குழுவாகப் பிரித்து, இருபது நிமிடத்துக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி விடுங்கள். காசு செலவில்லை. காருக்கும் ஆற இடைவெளி கிடைக்கும். முந்துவது நேர்ப்பாதையில் மட்டும், அதுவும் முன்னால் போகிறவர் கையை வெளியே நீட்டி இந்தப் பக்கம் போ என்று காட்டிய பிறகுதான். இந்த ஒரு விதி புதியவரின் தோளிலிருந்து பாதிப் பாரத்தை இறக்கிவிடும். முந்த விடுவதும் விடாததும் அவர் கையில் இருக்கிறது.

இன்ஸ்ட்ரக்டர்களை நிறுத்துவது, கூரையை விற்றுத் தரை போடுவது மாதிரி. ஒவ்வொரு காரிலும் ஒருவரை உட்காரவைக்க முடியாவிட்டால், அனுபவஸ்தர் ஒருவர் முன்னால் ஓட்ட, மூன்று புதியவர்கள் பின்னால் வரிசையாக அவர் போகும் தடத்தைப் பிடித்துக்கொண்டு வரட்டும். லேப்புக்கு லேப் பின்னால் வருகிறவர்கள் இடம் மாறிக்கொள்ளலாம். செலவு மூன்றில் ஒரு பங்குதான். காலையில் கொடிகளைக் கையில் எடுத்துக் காட்டுங்கள். மஞ்சள் என்றால் ஆபத்து, வேகம் குறை, முந்தாதே. சிவப்பு என்றால் செஷன் நின்றுவிட்டது. கறுப்பு என்றால் உள்ளே வா. உள்ளே வந்தவரை எல்லோர் முன்னாலும் திட்டாதீர்கள், தனியே கூப்பிட்டுப் பேசுங்கள்.

முழுநாள் விடுப்பு எடுக்க முடியாதவர்களையும் யோசியுங்கள். அமெரிக்காவின் எஸ்சிசிஏ என்ற ஸ்போர்ட்ஸ் கார் கிளப் 2015-ல் ‘டிராக் நைட்’ என்று ஒன்றைத் தொடங்கியது. வார நாளில் மாலை, அனுபவத்துக்கு ஏற்ப மூன்று குழு, ஆளுக்கு இருபது இருபது நிமிடமாக மூன்று செஷன். சாதாரண ஓட்டுநர் உரிமம் போதும், உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. உங்கள் டிராக் அரைநாள் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். நான்கு முழுநாளில் இரண்டைக் குறைத்து இரண்டு அரைநாளாக்கினால் நஷ்டம் உடனே சுருங்கும். கூட்டமும் செறிவாகத் தெரியும். காலியாகக் கிடக்கும் பேடக்கை (வந்த கார்களை நிறுத்தித் தயார்செய்யும் இடம்) பார்த்தவர் நண்பரைக் கூட்டிக்கொண்டு வரமாட்டார். வெளியாட்களைச் சேர்ப்பதானால் காப்பீடு உறுப்பினர்களை மட்டும்தான் ஏற்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒருநாள் உறுப்பினர் என்று ஒரு வகை வைத்தால் தீரும், கிளப் விதியில் அதற்கு இடமிருந்தால்.

இத்தனையும் செய்தாலும் 40 கார் வருமா என்றால், என்னால் உறுதி சொல்ல முடியாது. 24 வந்தால் போதும். அதற்கு 184 பேரில் எட்டுப் பேர் வேண்டும். ஒருமுறை மட்டும் வந்தவர்களின் பட்டியலிலேயே அந்த எட்டுப் பேர் இருக்கக்கூடும்.

முதல் பெயர் யாருடையது என்று உங்களுக்கே தெரியும். குழுவில் அந்த வீடியோவை இன்றே எடுத்துவிடுங்கள். ஆனால் மூலப் பிரதியை அழிக்காதீர்கள், பத்திரமாகத் தனியே வையுங்கள். ஏதாவது வழக்கு வந்தால் அழித்தது உங்களுக்கே வினையாகும். எடுத்த பிறகு அவருக்குப் போன் செய்யுங்கள். கிளப் சார்பில் வருத்தம் சொல்லுங்கள். அடுத்த முறை வாருங்கள் என்று அந்தப் போனிலேயே கேட்க வேண்டாம். பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த கார்க்காரரும் அதே வாரத்தில் ஒரு போன் செய்தால் நன்றாக இருக்கும்.